பத்து வயது தாண்டிய குடும்பக் கார்: எங்கே செலவு செய்வது, எங்கே கையைக் கட்டிக்கொள்வது

2010-லிருந்து 2015-க்குள் வாங்கிய ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ போன்ற பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்த வயதுக் காரில் பணம் கரைவது பெரும்பாலும் ஸ்பேர் பார்ட்ஸ் விலையால் அல்ல. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமலே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதாலும், ஒரே இடத்தை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை லேபர் கொடுப்பதாலும்தான் கரைகிறது. ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு.

முதல் வேலை: வண்டியின் உண்மையான நிலையை எழுதி வையுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். முந்தின ராத்திரியே என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் அதில் என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்புக் கறை என்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ இருந்தால் கூலண்ட். சக்கரத்தின் உள்பக்கம் வழுவழுவென்று மஞ்சள் கலந்த ஈரம் இருந்தால் பிரேக் ஆயில். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஏசி போட்டு ஓட்டிய பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீர் இயல்பானது.

என்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்ட் விளிம்புவரை இருக்க வேண்டும், நிறம் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறச் சேறாக இருந்தால் யாரோ பல வருடமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெள்ளைப் படலம் இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் உள்ளே தங்கும் ஈரமே அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலும் அதே வெளுப்பு இருந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் கவலை.

பிறகு ஸ்டார்ட் செய்து, பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் நிற்காத வெண்புகை என்றால் கூலண்ட் எரிகிறது.

இரண்டு கருவிகளில் செலவு செய்தால் போதும்: ஒரு சாதாரண மல்டிமீட்டர், ப்ளூடூத்தில் போனோடு சேர்ந்து, காரின் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறு எண்களைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர். இரண்டும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் விசிட் செலவுக்குள் அடங்கிவிடும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஸ்கேனர் பெரும்பாலும் தகராறு இல்லாமல் பேசும். முந்தையவற்றில் வண்டியைப் பொறுத்தது. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பி0171 (P0171) என்று வந்தால் 'பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம்' என்றுதான் பொருள். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று என்று பொருள் அல்ல. என்ஜினின் காற்றுப் பாதையில் வெடித்த வேக்கம் ஹோஸ் (ரப்பர் குழாய்) ஒன்றே அந்த எண்ணைக் கொண்டுவரும்.

கிடைத்ததையெல்லாம் மூன்று பத்திகளாக எழுதுங்கள். உயிருக்கு ஆபத்தானவை: பிரேக், டயர், ஸ்டியரிங், பால் ஜாயிண்ட் (முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டு). என்ஜினையே தின்றுவிடக் கூடியவை: கூலிங், ஆயில், டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பெல்ட்). மற்றவை எல்லாம் மூன்றாவது பத்தி: பவர் விண்டோ, ஸ்பீக்கர், பம்பர் கீறல், மங்கிய ஹெட்லைட். முதல் இரண்டு பத்திகள் காலியாகும்வரை மூன்றாவதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே துருத் தண்ணீர்.

கூலிங்: பழைய கார் சாவது பெரும்பாலும் இங்கேதான்

நம் ஊர் வெயிலில் உறைபனிக்காக கூலண்ட் தேவையில்லை, தண்ணீரே போதும் என்பது பல பட்டறைகளில் கேட்கும் பேச்சு. கூலண்ட் செய்கிற வேலை வேறு. அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிப்பிலிருந்து காக்கிறது, கொதிநிலையை ஏற்றுகிறது, வாட்டர் பம்பின் சீலைக் காக்கிறது. போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உப்பு படியும். கூலண்டோடு கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும்.

கூலண்ட் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம்:

1. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் அதன் திருகியைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே உள்ள வடிகால் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றி, அகலமான தட்டில் வடியுங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாய், பூனை, குழந்தை வாய் வைக்கிற மாதிரி விட்டுவிடக் கூடாது.

2. மூடிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை திருப்பிச் செய்யுங்கள்.

3. எவ்வளவு வடித்தாலும் என்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதனால் முதலில் கான்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கூலண்டை) ஊற்ற வேண்டும். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால், பாதிக்குப் பாதி கலவைக்கு முதலில் 2 லிட்டர் கான்சன்ட்ரேட், பிறகு நிரம்பும்வரை டிஸ்டில்டு வாட்டர். 'ரெடி டு யூஸ்' என்று டப்பாவில் போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலந்தது. பிளாக்கில் தங்கிய தண்ணீரோடு சேர்ந்து அது நீர்த்துவிடும் என்பதால், அதை வாங்குபவர்கள் கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்து நன்றாக வடித்துவிடுவது நல்லது.

4. மூடியைத் திறந்தபடியே ஐடிலிங்கில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது துணியால் பிடித்து அமுக்கினால் குமிழி வெளியேறும். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை பார்த்து, குறைந்ததை நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு வாரம் கழித்தும் அளவைப் பார்க்க வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் கூலண்ட் நிறைய இருந்தும் ஹீட் ஏறும்.

நிறத்தைப் பார்த்து கூலண்ட் வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு என்பது கம்பெனி போடும் சாயம்தான். கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள், இருப்பதோடு வேறொன்றைக் கலக்காதீர்கள். ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சு போல அமுங்கினாலும், கிளாம்ப் பக்கத்தில் வெடிப்பு இருந்தாலும் மாற்றுங்கள். ரேடியேட்டர் மூடியும் தேய்கிற பொருள்தான். அதன் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். சில நூறு ரூபாய் மூடிக்குப் பதிலாக ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

ஹீட் ஆகிறது என்றால் ஃபேன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடவில்லையென்றால் வரிசை இது: ஃபியூஸ், பிறகு ரிலே, கடைசியில் மோட்டார். ஃபியூஸ் பெட்டியில் அதே மாதிரி வேறொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். மோட்டார் கனெக்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து ஓடினால் மோட்டார் நல்லது, கோளாறு வயரிங்கிலோ சென்சாரிலோ இருக்கிறது.

இன்னொன்று, என்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வ்: 'தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ஹீட்டே ஆகாது சார்' என்பார்கள். கேட்காதீர்கள். அது இல்லாத என்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இன்னும் குளிராக இருக்கிறது என்று இசிஎம் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் தள்ளிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், மூலக் கோளாறு அப்படியே இருக்கும். வாங்கும்போதே தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட வண்டியா என்று அறிய ஸ்கேனரில் கூலண்ட் டெம்பரேச்சரைப் பாருங்கள். ஹைவேயில் 70 டிகிரியைத் தாண்டாமல் கிடந்தால் சந்தேகப்படலாம். பல சின்னக் கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு எரியும்போது பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும் என்பதாலும் ஸ்கேனர் உதவும்.

நடுவழியில் ஹீட் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடுங்கள், ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். சூடான என்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். 'பக்கத்துல மெக்கானிக் இருக்கார், மெதுவா ஓட்டிப் போயிடலாம்' என்ற அந்த மூன்று கிலோமீட்டர்தான் ஹெட்டை வளைப்பது. ஹெட் கழற்ற நேர்ந்தால், புது கேஸ்கெட்டைப் போட்டு மூடிவிட விடாதீர்கள். நேர்விளிம்புக் கட்டை வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) வளைவைப் பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் ஃபேஸிங் செய்து மட்டமாக்கிய பிறகே பூட்ட வேண்டும்.

ஆயிலும் பெல்ட்டும்

ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். நகர நெரிசலில் மட்டும் ஓடும் வண்டிக்கு 7,500 நல்லது. ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். விலை கூடின ஃபுல் சிந்தெடிக்கை 15,000 கி.மீ. ஓட்டுவதைவிட, கையேடு அனுமதிக்கும் கிரேடில் நடுத்தர விலை ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது பழைய என்ஜினுக்கு உகந்தது. 'வண்டி பழசு, கெட்டியா ஊத்துங்க' என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது வால்வ் டைமிங் தானாக மாறும் என்ஜின்களுக்கு ஒத்துவராது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் விளக்கு என்பது அளவு காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் போய்விட்டதைச் சொல்லும் விளக்கு.

ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது என்றவுடன் 'ஃபுல் என்ஜின் வேலை' என்று எஸ்டிமேட் வரும். தலையாட்டும் முன் எப்போது புகைகிறது என்று பாருங்கள். காலை ஸ்டார்ட்டிங்கிலும், நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போதும் மட்டும் புகைந்தால் வால்வ் சீல் மேல் சந்தேகம். ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங். உறுதி செய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) கேளுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். கம்ப்ரெஷன் எல்லாச் சிலிண்டரிலும் நன்றாக இருந்து காலைப் புகை மட்டும் என்றால், செலவு வால்வ் சீலோடு முடியும். 'ஃபுல் என்ஜின் வேலை' எஸ்டிமேட்டில் அது ஒரு சின்னப் பங்குதான்.

அடுத்து டைமிங். மாருதியின் கே சீரிஸ் என்ஜின்களிலும் ஹூண்டாயின் 1.2 கப்பாவிலும் செயின். பழைய 796 சிசி ஆல்டோ, சான்ட்ரோ, 1.1 ஐ10 ஆகியவற்றில் ரப்பர் பெல்ட். பெல்ட் வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருந்து, எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்பையும் அப்போதே சோதித்து, லேசாகக் கசிந்தாலும் ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பாகம் கொஞ்சம்தான், அந்த இடத்தைப் பிரிக்கும் லேபர்தான் பெரிது. இதே கணக்கு கிளட்சுக்கும்: கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றி, கிராங்கின் பின் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

மைலேஜும் இழுவையும்

இழுவை குறைந்தால் சென்சாருக்கு முன் மலிவானவற்றைப் பாருங்கள்: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கறை படிந்த த்ராட்டில் பாடி, டயர் காற்று, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு வீல்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனால், பிடித்திருக்கும் பிரேக்கின் வீல் மட்டும் தனியாகச் சுடும்.

பிளக் மாற்றுவது கடினமில்லை. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். குழியில் இருக்கும் தூசியைக் காற்றடித்து எடுத்த பிறகே கழற்றுங்கள். புதுப் பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். ஸ்பேனரால் ஆரம்பித்து மரை மாறி ஏறினால் ஹெட்டின் மரை போய்விடும். கையில் இறுகியதும், வாஷர் உள்ள புதுப் பிளக்குக்கு ஸ்பேனரால் இன்னொரு அரைச் சுற்று. அவ்வளவுதான்.

மைலேஜ் கொஞ்சம் விழுந்ததற்கு எரிபொருளும் காரணமாக இருக்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், முன்பு வந்த இ10-ஐவிட மூன்று நான்கு சதவீதம் குறைவது கணக்குப்படியே சரி. அதற்குமேல் விழுந்தால் கோளாறு வண்டியில். பழைய கார்களின் ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சர்வீஸ் விடும்போதெல்லாம் பெட்ரோல் ஹோஸ்களையும் இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பாருங்கள். மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு டேங்கில் பழைய பெட்ரோல் தேங்கவிடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பிரேக்

பேடின் உராய்வுப் பகுதி 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுங்கள். ஒரே வீலில் உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிது போல இருந்தால், காலிப்பர் நகரும் பின் இறுகியிருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் தடவாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அப்படியே போகும். டிஸ்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடைசல் பிடித்து ஓட்டக் கூடாது.

பிரேக் ஆயிலைத்தான் எல்லோரும் மறப்பது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். புது டாட் 3-இன் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியதும் 140. டாட் 4-க்கு 230-லிருந்து 155. ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தோ பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். மலை இறங்குவது இரண்டாவது, மூன்றாவது கியரில்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பட்டன் (ரோட்டைத் தொடும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடமானதை, பக்கவாட்டில் வெடிப்பு விட்டதை ஹைவேக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டெப்னிக்கும் இதே விதி.

அடிப்பக்கச் சத்தங்கள்

மேடு பள்ளத்தில் 'கடகட'வென்றால் ஷாக் அப்சார்பர் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவைதான் முதலில் போகும், அவை மலிவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் தெறித்து, மண் புகுந்ததால் வந்த வினை. கிழிந்தவுடனே உறையும் கிரீஸும் மட்டும் மாற்றியிருந்தால் ஜாயிண்ட் பிழைத்திருக்கும். ஆகவே ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கும்போதெல்லாம் அந்த ரப்பர் உறைகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பேட்டரி, ஏசி

என்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைவு, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.5-க்குள் வந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. சார்ஜிங் சரி, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் 9.6-க்குக் கீழே விழுகிறது என்றால் பேட்டரி முடிந்தது. ஆனால் அதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பூவை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாசலைன் தடவிப் பாருங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. வருடா வருடம் 'கேஸ் அடிக்க' வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து சோப்பு நுரையால் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூடிய பிறகு வேக்கம் எடுத்து, எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும்.

பாகம் வாங்குவதும் மெக்கானிக்கிடம் பேசுவதும்

கார் கம்பெனி பெட்டியில் வரும் பாகத்தைப் பெரும்பாலும் வேறொருவர்தான் செய்து கொடுக்கிறார். அதே தயாரிப்பாளர் தன் பெயரிலேயே போடும் பெட்டி விலை குறைவாக இருக்கும். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்றவர்கள் இப்படிச் செய்பவர்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதுப் பாகங்களுக்கு, புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கு. கதவு, கண்ணாடி, ஹெட்லைட், சீட், வீல் டிஸ்க் போன்றவற்றைப் பழையதில் எடுக்கலாம். பிரேக், டயர், பெல்ட், பால் ஜாயிண்ட், ஏர்பேக் ஒருபோதும் கூடாது. வாங்கப் போகும்போது கழற்றிய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் அளவு மாறும்.

மெக்கானிக்கிடம் தீர்ப்பைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். 'அண்ணே, ஷாக் மாத்திடுங்க' என்றால் மாற்றிவிடுவார், சத்தம் அப்படியே இருக்கும். 'இடது முன்பக்கம், மெதுவா ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது மட்டும் சத்தம்' என்று சொல்லி, கூட உட்கார்ந்து ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ஜின் டீகார்பன், ஆயிலில் ஊற்றும் டானிக், ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், அடிப்பக்கக் கோட்டிங் என்று பில்லில் சேருபவற்றில் பெரும்பாலானவற்றை மறுத்துவிடலாம். கடலோர ஊர்க்காரர்களுக்குக் கடைசி மட்டும் விதிவிலக்கு. அதுவும் துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான். துருவின் மேலேயே தார் பூசினால் உள்ளே இன்னும் வேகமாக அரிக்கும். கதவின் அடியிலிருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தி விடுவது இலவசம்.

பதினைந்து வருடம் நெருங்கும்போது

தனியார் காரின் ஆர்.சி. 15 வருடத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். தில்லி வட்டாரத்துக்கான வயது வரம்பு தமிழ்நாட்டுக்குக் கிடையாது. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. புதுப்பிப்பதற்கான எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சோதனைக்கு) போகும் முன் எல்லா விளக்குகள், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர், புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடுங்கள்.

புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா என்பதை என்ஜினை வைத்து முடிவு செய்ய வேண்டாம். என்ஜினுக்கு வைத்தியம் உண்டு. வண்டியைத் தூக்கி, முன் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள், கதவுக்கு அடியிலுள்ள ரன்னிங் போர்டு, பின் ஆக்ஸில் பிடிப்பு மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் அதை டிங்கரிங் செய்து பட்டி பூசி மறைக்கத்தான் முடியும், விபத்தில் அது தாங்காது. அப்படிப்பட்ட வண்டிக்குப் புது கிளட்ச் செட் வாங்காதீர்கள். தகடு கெட்டியாக இருந்தால் வாங்கலாம்.